கதிரவனை நாடிச் செல்லும் வீதி

மலையும் சமவெளியும் வெவ்வேறு நிலங்களெனக் கருதப்படினும், ஒன்றன் இயல்பு மற்றொன்றாலேயே நன்கு விளங்கும். இவ்வுண்மையை ஐம்பது மைல் தூரத்தினுள் கண்கூடாகக் காட்டுவது, ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஊடறுத்துச் செல்லும் மலைவீதியாகும். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழிற் கூறின், ‘கதிரவனை நாடிச் செல்லும் வீதி’ எனலாம். அயலில் நிற்கும் மலையொன்றின் பெயரே வீதிக்கும் ஆயிற்று.

கிழக்கிலிருந்து மோட்டார் வண்டியிற் செல்வோர், மரஞ்செறியாது பரந்து கிடக்கும் பிரேரிப் புல்வெளியைக் கடந்து சென்ற் மேரி ஏரியை அடைவர். ஆங்கு அடிவாரக் குன்றுகள் பெரிதுமின்றி, மலைகள் சுவரென எழுந்து நிற்கக் காண்பர். இதற்குக் காரணம் யாது? மிகப் பழைய பாறைப்படை ஒன்று மேற்கிலிருந்து பல மைல் தூரம் தள்ளப்பட்டு, தன்னினும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் இளைய பாறைகளின்மீது ஏறி அமர்ந்தமையேயாம். புவிச்சரிதவியலார் இதனை லூயிஸ் மேலுதைப்பு என்பர். பின்னர்ப் பனிக்கட்டியாறுகள் அப்பாறைகளைக் குடைந்து பள்ளத்தாக்குகளையும் கூரிய முகடுகளையும் செதுக்கின.

வீதியின் உச்சி, 6,646 அடி உயரத்திலுள்ள லோகன் கணவாயாகும். அதுவே கண்டத்தின் நீர்பிரிமேடு. அதன் மேற்கே விழும் நீர் பசிபிக் சமுத்திரத்தையும், கிழக்கே விழும் நீர் ஹட்சன் குடாவையும் சென்றடையும். பசிபிக் காற்றுக்கள் மேற்குச் சரிவிலேயே தம் ஈரத்தின் பெரும்பகுதியைச் சொரிந்துவிடுகின்றன. ஆதலின் மேற்கே மக்டொனால்ட் ஏரியின் அயலில் சீடர் மரக்காடுகள் செறிந்து வளர, கிழக்கே மழையொதுக்கிற் புல்வெளி பரந்துளது.

இவ்வீதியை அமைத்தோர் எதிர்நோக்கிய வினா குறிப்பிடத்தக்கது. முதலில் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, பள்ளத்தாக்கின் முகப்பில் பதினைந்து கொண்டையூசி வளைவுகள் அமைந்திருக்கும். அவை மலையின் முகத்திலே நீங்கா வடுவாகிவிடும் என்பதனை உணர்ந்த நிலத்தோற்றக் கலைஞர் தோமஸ் விண்ற், ஒரே வளைவுடன் மலைச்சரிவை ஒட்டிச் செல்லும் வழியை ஆதரித்தார். அவ்வழி வெட்டுதற்கு அரியதாயினும் அதுவே ஏற்கப்பட்டது. ஓரச்சுவர்கள் அவ்விடத்துக் கற்களாலேயே கட்டப்பட்டன. 1933 ஆம் ஆண்டு யூலை 15 ஆம் நாள் வீதி திறந்துவைக்கப்பட்டது.

எனினும் இவ்வழகு ஆளற்ற நிலத்தின் அழகன்று. கிழக்குச் சரிவு பிளாக்பீற் மக்களுக்கு உரியதாயிருந்தது. அவர்தம் வாழ்வுக்கு ஆதாரமான காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்தமையால், 1883–84 குளிர்காலத்தில் அம்மக்கள் பலர் பட்டினியால் மாண்டனர். வறுமையுற்ற அவர்கள் 1895 இல் அந்நிலத்தை அரசாங்கத்துக்கு விற்கும் உடன்படிக்கைக்கு இணங்கினர். வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் மரம் வெட்டவும் தமக்கு உரிமை உண்டென அதில் எழுதிக்கொண்டனர். 1910 இல் தேசியப் பூங்கா அமைந்தபின் அவ்வுரிமைகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. 2023 இல் பிளாக்பீற் மக்கள் தம் நிலத்திலே, தலைவன்மலையின் அருகில், காட்டெருமைகளை மீண்டும் சுதந்திரமாக உலவவிட்டனர்.

பூங்காவுக்குப் பெயர்தந்த பனிக்கட்டியாறுகளும் குன்றி வருகின்றன. 1966 இல் 35 ஆகக் கணிக்கப்பட்டவை, 2015 இல் 26 ஆகக் குறைந்தன. வெப்பமுறும் வளிமண்டலமே இதற்குத் தலையாய காரணமென்பர் ஆய்வாளர்.

மலையை வடுப்படுத்தாது வீதி அமைக்கலாம் என்பதனை இவ்வீதி மெய்ப்பித்தது. ஆயின், நிலத்தின் தோற்றத்தைக் காப்பது மட்டும் நிலத்தைக் காப்பதாகாது. அதில் வாழ்ந்தோரின் உரிமையும், அதற்கு நீரூட்டும் பனியும் காக்கப்படுதல் வேண்டும். அவ்வழியாற் செல்வோர் கண்ணால் அழகைத் துய்ப்பதோடு, கருத்தால் இதனையும் உணர்வாராயின், அப்பயணம் கல்வியாய் முடியும்.