பரண் மேலே என்ன இருக்கு?

குழந்தைகளே! பாட்டி வீட்டில் பரண் பார்த்திருக்கிறீர்களா? சுவரோடு சேர்த்து, தலைக்கு மேலே பலகை போட்டு அமைத்திருப்பார்கள். இன்றைய கான்கிரீட் வீடுகளில் அதைத்தான் 'லாஃப்ட்' என்கிறோம்.

கல்யாணத்துக்கு மட்டும் இறங்கி வரும் பித்தளை அண்டா, நவராத்திரிக்கு வெளியே வரும் கொலு பொம்மைகள், உடைந்த நடைவண்டி... எல்லாம் அங்கேதான் இருக்கும். அவரை, சுரை விதைகளைக்கூட அடுப்படிப் பரணில் வைப்பார்கள். விறகடுப்புப் புகை பட்டால் விதையில் பூச்சி அண்டாது; ஈரமும் சேராது.

ஆனால், பரண் எல்லாப் பொருளுக்கும் ஏற்ற இடம் அல்ல. ஏன் தெரியுமா? சூடான காற்று மேலே எழும். மேல்தளமும் வெயிலில் காயும். அதனால் பரணில் சூடு அதிகம். மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும். புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காகிதத்துக்கோ கரையான், ராமபாணப் பூச்சி, எலி என்று எதிரிகள் பலர்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பாவும் ஆசிரியர்தான். தினமும் டைரி எழுதுவார். அவர் மறைந்த பிறகு, அந்த டைரிகளை மரப்பெட்டியில் போட்டு, பரணில் சுவரை ஒட்டி வைத்தேன். 'பத்திரமாக இருக்கிறது' என்று நினைத்து, பத்து ஆண்டுகள் திறக்கவே இல்லை. வெள்ளையடிக்கும்போது திறந்தால், பெட்டி நிறையக் கரையான் மண்! மிஞ்சியவை நான்கு அட்டைகள் மட்டுமே. அப்பாவின் கையெழுத்தை இன்று என் பேரனுக்குக் காட்ட முடியவில்லை.

நம் பழந்தமிழ் நூல்களுக்கும் இந்த ஆபத்து வந்தது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஓலைச்சுவடிகளைத் தேடினார். பல சுவடிகள் கவனிப்பாரின்றிச் செல்லரித்துக் கிடந்தன. கிடைத்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, 1887ல் சீவக சிந்தாமணியையும், 1894ல் புறநானூற்றையும் அச்சிட்டார். அவர் தேடிப் போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும், யோசியுங்கள்!

இந்த விடுமுறையில் நீங்கள் செய்ய வேண்டியவை:

* பெரியவர்களைப் பரணில் உள்ளதை இறக்கித் தரச் சொல்லுங்கள். நீங்கள் தனியாக ஏறாதீர்கள், தேள் இருக்கலாம். தூசி தட்டும்போது மூக்கில் துணி கட்டுங்கள்.

* கனமான பாத்திரங்களை ஓரத்தில் வைக்காமல் உட்புறமாக வைக்கச் சொல்லுங்கள்.

* பொம்மைகளைப் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். உலர்ந்த வேப்பிலை, வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியில் போடுங்கள்.

* கடிதம், புகைப்படம், பத்திரம் இவற்றைப் பரணில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள்.

* பெட்டிகளுக்கு எண் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது, "இது யாருடையது?" என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அந்தக் கதையையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். செய்வீர்கள்தானே?