உட்புறக் கேபிள் அதிர்வொலி (மிதிவண்டி)

உட்புறக் கேபிள் அதிர்வொலி என்பது, பிரேக், கியர் கேபிள்கள் சட்டகக் குழாய்களுக்கு உள்ளே செல்லுமாறு அமைக்கப்பட்ட மிதிவண்டிகளில், அக்கேபிள்கள் குழாயின் உட்சுவரில் மோதுவதால் எழும் 'கடகட' ஓசையைக் குறிக்கும். ரோடு பைக் எனப்படும், வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட வேக மிதிவண்டிகளில் இது மிகுதியாகக் கேட்கிறது. வண்டி புதிதாக இருக்கும்போதே இவ்வோசை வருவதால், வாங்கியவர் சட்டகம் பழுதுபட்டுவிட்டதாக அஞ்சுவதுண்டு. பெரும்பாலும் இது தீங்கற்றது. சிறு செலவில் சரிசெய்யக் கூடியது. ஆயினும் இதே போன்ற ஓசை கைப்பிடித் தண்டு, சக்கரம் ஆகியவற்றின் தளர்ச்சியாலும் எழும். அது விபத்துக்கு வழிவகுக்கும். எனவே ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிசெய்த பிறகே கேபிளில் கை வைக்க வேண்டும்.

பின்னணி

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய கனமான கறுப்பு மிதிவண்டிகளில் பிரேக் விசை இரும்புத் தண்டுகள் வழியாகச் சென்றது. இத்தண்டுகள் கைப்பிடிக்குக் கீழே வெளிப்படையாகத் தெரியும். பின்னர் கேபிள் பிரேக்குகள் பரவின. உறைக்குள் உருவியோடும் எஃகுக் கம்பியால் இழுவிசையைக் கடத்தும் இம்முறை, 1896-இல் காப்புரிமை பெற்ற எர்னஸ்ட் மானிங்டன் பவுடனின் பெயரால் பவுடன் கேபிள் எனப்படுகிறது. இதில் உட்கம்பி, அது வழுக்கிச் செல்லும் உறை என இரு பகுதிகள் உண்டு. பட்டறைகளில் இவற்றை இன்னர், அவுட்டர் என்பர்.

முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற வழக்கமான வண்டிகளிலும், தமிழ்நாடு அரசு 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளிலும் பிரேக் அமைப்பு சட்டகத்திற்கு வெளியிலேயே உள்ளது. கேபிள் அறுந்தால் தெருமுனைக் கடையில் சில நிமிடங்களில் மாற்றிக்கொள்ளலாம்.

1980-களில் சில பந்தய மிதிவண்டிகளில் பின் பிரேக் கேபிள் மேற்குழாயின் உள்ளே செலுத்தப்பட்டது. கார்பன் இழைச் சட்டகங்கள் பரவிய பின் எல்லாக் கேபிள்களையும் உள்ளே மறைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. இதற்கு முதன்மைக் காரணம் காற்றுத் தடை. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது வேகம் இரு மடங்கானால் காற்றுக்கு எதிராகத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். வெளியே தொங்கும் கேபிள்களை அகற்றுவதால் கிடைக்கும் சிறு ஆதாயமும் பந்தயத்தில் மதிப்புடையது. அன்றாடப் பயணத்தில் அது உணரத்தக்கதாக இராது. தூய்மையான தோற்றமும், கேபிளில் தூசு படியாமையும் மற்ற நன்மைகள்.

ஓசை எழும் விதம்

பிரேக் கேபிள் உறையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 5 மி.மீ.; கியர் கேபிள் உறையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 4 மி.மீ. இவை செல்லும் கீழ்க்குழாயோ பல மடங்கு அகலமானது. கைப்பிடிக்கு அருகிலுள்ள நுழைதுளையிலும், பெடல் அச்சுக்கு அருகிலும் மட்டுமே கேபிளுக்குப் பிடிமானம் உண்டு. இடையில் அது அந்தரத்தில் தொங்குகிறது. சக்கரம் குலுங்கும்போது சட்டகம் ஒரு திசையிலும் கேபிள் அதற்குச் சற்றுப் பின்தங்கியும் அசைவதால், கேபிள் சுவரில் மோதுகிறது. மெல்லிய சுவர் கொண்ட அலுமினியம் அல்லது கார்பன் குழாய், கடம் போல உள்ளீடற்றதாக இருப்பதால் சிறு மோதலையும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

மணிக்கு 25 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். சாலையில் 10 செ.மீ.க்கு ஒரு மேடு இருந்தால், சக்கரம் நொடிக்கு 70 முறை குலுங்கும். இவ்வதிர்வு கேபிளின் இயல்பான அதிர்வெண்ணை நெருங்கும்போது ஓசை திடீரென மிகும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஓசை கேட்பதும், வேகம் கூடினால் மறைவதும் இதனால்தான். டயரில் காற்று அளவுக்கு மேல் இருந்தாலும் அதிர்வு கூடும்.

விருதுநகர் மாவட்டத்தில் இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியே தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் சமதளத்தில் ஓசையின்றி ஓடும் வண்டி, சிவகாசி வட்டாரத்தின் ஊர்ச்சாலைகளில் இறங்கியதும் ஒலிக்கத் தொடங்கலாம். இம்மாவட்டத்தில் கரிசல் மண் பரவலாக உள்ளது. கரிசல் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கி வெடிப்பு விடும். அடித்தளம் இவ்வாறு அசைவதால் மேலே உள்ள தார்ச்சாலை அலை போல ஏறி இறங்குகிறது, ஓரங்களில் பிளவுபடுகிறது. ஜல்லி பெயர்ந்த இடங்களும் வேகத்தடைகளும் இதனுடன் சேர்கின்றன. கடைவாசலில் ஓட்டிப் பார்க்கும்போது கேட்காத ஓசை, ஊருக்குத் திரும்பும் வழியில் கேட்பதில் வியப்பில்லை.

கண்டறிதல்

முதலில் ஆபத்தான காரணங்களை விலக்க வேண்டும்.

1. கைப்பிடித் தண்டு: முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழே 'டக்' என்ற ஆட்டம் தெரிந்தால் அங்குள்ள பேரிங் தளர்ந்துள்ளது. சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டக் கூடாது.

2. சக்கரம்: சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, அச்சு இறுக்கமாக உள்ளதா எனக் காண வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாக விரல்களால் அழுத்தினால் தளர்ந்தது எது என்று தெரியும்.

3. பிரேக்: ஓடும்போது பிரேக்கை இலேசாகத் தொட்டதும் ஓசை நின்றால், டிஸ்க் பிரேக்கின் தேய்மானக் கட்டைகள் ஆடுவதாகக் கருதலாம்.

4. சிறு பொருள்கள்: பாட்டில் தாங்கி, விளக்கு, மணி, டியூப் வால்வின் வளையம், இருக்கைக்குக் கீழே உள்ள பை ஆகியவற்றை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்க்க வேண்டும்.

இவற்றைக் கடந்த பின் கேபிளைச் சோதிக்கலாம். முன் சக்கரத்தை 5 செ.மீ. உயர்த்தித் தரையில் விழவிட்டால் ஓசை மீண்டும் எழும். அடுத்து, நுழைதுளைக்கு அருகே கேபிள்களை விரலால் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு அதையே செய்ய வேண்டும். ஓசை குறைந்தாலோ மாறினாலோ காரணம் கேபிளே. கைப்பிடியை இடமும் வலமும் திருப்பி வைத்துச் சோதித்தாலும் ஓசை மாறும். கீழ்க்குழாயை உள்ளங்கையால் தட்டினால் எப்பகுதியில் மோதுகிறது என்பது விளங்கும்.

சரிசெய்யும் முறைகள்

நுழைதுளை மூடியைப் பொருத்துதல்: கேபிள் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி தன் இடத்தில் அமராமல் இருந்தால் அதுவே ஆடி ஒலிக்கும். சரியாக அழுத்திப் பொருத்துவது முதற்படி. கருவி எதுவும் தேவையில்லாத முறை இது.

ஃபோம் உறை: கேபிள் உறையின் மேல் மென்மையான ஃபோம் குழாயை மாட்டுவதே மிக நிறைவான தீர்வு. அது மோதலைத் தாங்கிக்கொள்கிறது. நீரை உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் ஏற்றது. நீரை உறிஞ்சும் பஞ்சு வகை, வடகிழக்குப் பருவமழையில் நனைந்த பின் சட்டகத்துக்குள் ஈரத்தைத் தேக்கி வைக்கும். உறையை வெளியே உருவுவதற்கு முன், அதனுள் ஒரு நீண்ட கம்பியைச் செலுத்திச் சட்டகத்தினுள் விட்டுவைக்க வேண்டும். அக்கம்பியே மீண்டும் உறையைச் செலுத்த வழிகாட்டும். வழிகாட்டிக் கம்பியின்றி உருவிவிட்டால், மறுபக்கத் துளையைத் தேடுவதிலேயே மணிக்கணக்கில் கழியும். நுழைதுளை சிறிதாக இருந்தால், பெடல் அச்சைக் கழற்றி அவ்வழியாக ஃபோமை நுழைக்கலாம்.

பிளாஸ்டிக் கட்டுப்பட்டை: ஃபோம் கிடைக்காத ஊர்களில் பயன்படும் எளிய முறை இது. சிறிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை உறையின் மீது 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் கட்டி, வால்களை வெட்டாமல் விட வேண்டும். ஓரிடத்தில் மூன்று பட்டைகளைக் கட்டி, வால்கள் மூன்று திசைகளில் நீளுமாறு அமைத்தால், அவை பூனை மீசை போலச் சுவரைத் தொட்டுக் கேபிளை நடுவில் நிறுத்தும்.

சேர்த்துக் கட்டுதல்: இரண்டு கேபிள்கள் ஒன்றோடொன்று மோதினால், பெடல் அச்சுக்கு அருகில் அவற்றைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டலாம். இறுக்கிக் கட்டினால் கியர் மாற்றம் தடைபடும்.

உறையற்ற கம்பி: சில சட்டகங்களில் உறை நுழைதுளையோடு நின்றுவிட, வெறும் கம்பி மட்டும் உள்ளே செல்லும். அதன் மேல் மெல்லிய நைலான் குழலை மாட்டினால் ஓசையும் உராய்வும் குறையும்.

தவிர்க்க வேண்டியவை

கட்டுமானத்தில் பயன்படும், தெளித்தால் உப்பும் ஃபோமை சட்டகத்துக்குள் செலுத்துவது பெருந்தவறு. அது இறுகிய பின் கேபிளை மாற்றவே இயலாது. நீர் வடியும் துளையும் அடைபடும். துணி, பஞ்சு, தெர்மாகோல் துண்டுகளைத் திணிப்பதும் ஈரத்தையும் துருவையும் வரவழைக்கும்.

தொங்கலைக் குறைக்க எண்ணிக் கேபிள் உறையை அளவுக்கு மேல் வெட்டக் கூடாது. கைப்பிடியை முழுதும் திருப்பும்போது குட்டையான கேபிள் இழுபட்டு, பிரேக் தானே பிடிக்கும் அல்லது கியர் மாறிவிடும்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் கூடுதல் கவனம் தேவை. உலகப் பந்தயங்களை நெறிப்படுத்தும் யூ.சி.ஐ. அமைப்பு, சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை 2018-இல் முழுமையாக அனுமதித்தது. அதன் பின் இவ்வகை வண்டிகள் பெருகின. இவற்றில் கம்பிக்குப் பதிலாக எண்ணெய்க் குழல் சட்டகத்தினுள் செல்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே காற்று புகும். காற்று அழுத்தத்தில் சுருங்குவதால், பிடியை அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. காற்றை வெளியேற்றும் கருவியும் பயிற்சியும் உள்ளவரே இவ்வேலையைச் செய்ய வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றலாகாது. கனிம எண்ணெய்க்கு உரிய பிரேக்கில் வேறு வகைத் திரவத்தை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெடும்.

வேலை முடிந்த பின் சோதனை

கைப்பிடியை இரு பக்கமும் முழுதும் திருப்பி, கேபிள் எங்கும் இழுபடவில்லை என உறுதிசெய்ய வேண்டும். பிரேக் பிடி கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே வரக் கூடாது. பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில், நடக்கும் வேகத்தில் பிரேக்கைச் சோதித்துவிட்டே சாலைக்குச் செல்ல வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஃபோம் உறையின் விலை சிறிது. கேபிளைக் கழற்றி மாட்டும் உழைப்பே பெரிது. கேபிள்களை முதன்முதலாகப் பூட்டும்போதே உறையை மாட்டினால் கூடுதல் வேலை இல்லை. எனவே பணம் செலுத்துவதற்கு முன் முன் சக்கரத்தைத் தூக்கி விழவிட்டுக் கேட்பதும், ஓசை இருந்தால் ஒப்படைக்கும் முன்பே சரிசெய்து தரக் கோருவதும் நன்று. பின்னர் தெரியவந்தால் முதல் இலவசப் பராமரிப்பின்போது சொல்லலாம். தாமாகச் சட்டகத்தில் துளையிடுவதோ ஒட்டுவதோ உத்தரவாதத்தை இழக்கச் செய்யும்.

நாள்தோறும் கரடுமுரடான சாலையில் பள்ளிக்கோ வேலைக்கோ செல்பவருக்கு, கேபிள்கள் வெளியே செல்லும் வண்டி குறைந்த செலவும் எளிய பராமரிப்பும் உடையது. கம்பியில்லாத மின் கியர் அமைப்புகளும் சந்தையில் உள்ளன. அவற்றில் கியர் கேபிளே இல்லை. எனினும் பிரேக் குழல் சட்டகத்தினுள் செல்லும் வரை இவ்வோசைக்கு வாய்ப்பு உண்டு.

பராமரிப்பு

டயரில் காற்றின் அளவை, டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைக்குள் சற்றுக் குறைவாக வைத்தால் அதிர்வு தணியும். மழையில் ஓட்டிய பின் வண்டியைச் சாய்த்து, பெடல் அச்சுக்குக் கீழுள்ள துளை வழியாக நீரை வடியவிட வேண்டும். வெயிலில் நிறுத்தப்படும் வண்டிகளில் ஃபோம் நாளடைவில் பொடியும். கேபிள் மாற்றும்போது அதையும் புதுப்பிப்பது நல்லது. சரிசெய்த பின் பல மாதம் கழித்து ஓசை திரும்பி வந்தால், கேபிள்தான் என்று முன்முடிவு கொள்ளாமல், கைப்பிடித் தண்டிலிருந்தே சோதனையை மீண்டும் தொடங்க வேண்டும்.