பாட்டு எழுதியவருக்கு என்ன கிடைத்தது?

'தமிழ்த் தியாகையர்' என்று ரசிகர்கள் கொண்டாடும் பாபநாசம் சிவனின் கீர்த்தனை ஒன்றாவது இடம்பெறாத கர்நாடகக் கச்சேரி நம் புனேயிலும் அபூர்வம்தான். கேட்கிறோம், தாளம் போடுகிறோம். ஆனால் அதை இயற்றியவர் எப்படி ஜீவனம் நடத்தினார் என்று யாரும் கேட்பதில்லை. எஸ்டிமேட்டும் பில்லும் பார்த்தே ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு அந்தக் கேள்வி எழுந்தது.

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் (1767-1847) உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார்; தஞ்சை அரசவையின் அழைப்பையும் ஏற்கவில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த நாளில் சாகித்யத்துக்கு விலை என்று ஒன்று கிடையாது. ஆதரிப்பவர் மனமுவந்து கொடுத்தால் சன்மானம். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. சிவனின் காலத்திலோ (1890-1973) அச்சுப் புத்தகம், இசைத்தட்டு, சினிமா மூன்றும் சேர்ந்து பாட்டை விற்கக்கூடிய சரக்காக்கிவிட்டன.

தஞ்சை ஜில்லா போலகத்தில் ராமய்யா என்ற பெயருடன் பிறந்தவர் சிவன். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் சென்று சமஸ்கிருதம் படித்தார். தாயும் மறைந்தபின் கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தார். பிறகு சென்னையில் குடியேறி, கலாக்ஷேத்திராவில் இசை கற்பித்தார். 1934ல் அவருடைய பாடல்கள் 'கீர்த்தன மாலை' என்ற புத்தகமாக வெளிவந்தன. மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் அவர் நடத்திய பஜனைக்குக் கட்டணம் ஏது?

சினிமா வருமானம் வந்தது 1934ல். அந்த முதல் படமான 'சீதா கல்யாணம்' நம் மகாராஷ்டிரத்துப் பிரபாத் கம்பெனி தயாரித்தது. கோலாப்பூரில் 1929ல் தொடங்கிய அந்தக் கம்பெனி 1933ல் புனேவுக்கு வந்தது. லா காலேஜ் ரோடில் இப்போது பிலிம் இன்ஸ்டிடியூட் இருப்பது அதன் பழைய ஸ்டூடியோவில்தான். பின்னர் 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) என்று சிவனின் பாட்டுகள் தமிழகமெங்கும் ஒலித்தன. 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

படம் மூன்று தீபாவளி ஓடினாலும் மூன்று நாள் ஓடினாலும் பாட்டு எழுதுகிறவருக்கு ஒரே தொகைதான். பேசிய பணத்தை வாங்கிக்கொண்டு உரிமையைத் தயாரிப்பாளரிடம் விடுவதே சினிமா உலக வழக்கமாக இருந்தது. என் போன்ற பென்ஷன்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பென்ஷனில் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கினால், 15 வருஷம் கழித்து அந்தப் பகுதி திரும்பக் கிடைக்கும். பாட்டைக் கம்யூட் செய்தவருக்கு எதுவும் திரும்பவில்லை.

சட்டமும் நெடுங்காலம் தயாரிப்பாளர் பக்கமே நின்றது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எழுத வைத்த தயாரிப்பாளரே சினிமாப் பாட்டின் முதல் உரிமையாளர் என்று சுப்ரீம் கோர்ட் 1977ல் தீர்ப்பளித்தது. 2012ல் வந்த திருத்தம்தான் நிலைமையை மாற்றியது. படத்தின் பகுதியாகத் தியேட்டரில் காட்டுவது போக, மற்ற உபயோகங்களுக்கு வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் அதை எழுதிக் கொடுக்க முடியாது. சிவன் மறைந்து 39 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு இது.

இதில் இரண்டு கணக்குகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. 'ஹரிதாஸ்' இசைத்தட்டின் உரிமை 2004 முடிவோடு போயிற்று. சாகித்யத்துக்கோ இயற்றியவர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். சிவன் மறைந்தது 1973 அக்டோபர் 1. ஆக, அவர் பாடல்களுக்கு 2033 டிசம்பர் 31 வரை உரிமையாளர் உண்டு. கீர்த்தனைகளுக்கும் இதே கணக்குத்தான். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளோ எல்லோருக்கும் பொதுச் சொத்து.

நம் சங்கங்களுக்கு இதனால் என்ன? பொழுதுபோக்காகப் பாடுகிறவர்களின் சங்கம் கட்டணம் வாங்காமல் பாடினாலோ, கோயில் முதலிய மத ஸ்தாபனத்தின் நன்மைக்காகப் பாடினாலோ சட்டம் விலக்களிக்கிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கும், சி.டி. வெளியிடுவதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். நிகழ்ச்சி நடத்தும் அன்பர்கள் பட்ஜெட் போடும்போதே இதற்கு ஒரு வரி ஒதுக்கிவிடுவது நல்லது.

சிவனுக்கு 1971ல் சங்கீத கலாநிதி, 1972ல் பத்மபூஷண் என்று கௌரவங்கள் வந்தன. அப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பாடுகிறவருக்குச் சன்மானம், பக்கவாத்தியத்துக்குச் சன்மானம், மைக் செட்காரருக்கும் பணம் என்று கணக்கு எழுதும் நாம், இயற்றியவர் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்வோம். பணம் தர வேண்டிய இடத்தில் பணம். மற்ற இடங்களில் மேடையில் அவர் பெயரைச் சொல்வதற்காவது தவறக் கூடாது. அதற்குச் செலவே இல்லை.