டிரங்குப் பெட்டியும் 23 கிலோவும்

1888 செப்டம்பர் கடைசியில், சட்டம் படிக்க இங்கிலாந்தில் போய் இறங்கிய காந்தி வெள்ளை ஃபிளானல் சூட் போட்டிருந்தார். கரையிறங்கும்போது அதுதான் எடுப்பாக இருக்கும் என்று கப்பலில் பத்திரமாக வைத்திருந்தது. அங்கே இலையுதிர் காலம். வெள்ளை உடுப்பில் நின்றவர் அவர் ஒருவர்தான். பெட்டிகளோ முகவரிடம் போய்விட்டன. மறுநாள் ஞாயிறு என்பதால் அன்றும் கிடைக்காது என்றார்கள். அந்தக் கூச்சத்தைச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் படிப்புக்குப் பெட்டி கட்டுவது என்றால், ஆளே மாறுவது. கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் ‘நெவாசா’ கப்பல் ஏறுவதற்கு முன்பே குடுமியை எடுத்துவிட்டார். வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கும் கோட்டுக்கும் மாறினார். ஷூ அவர் காலுக்கு ஒத்துவரவேயில்லை.

இவ்வளவு மாறியும் குளிர் அவரை விடவில்லை. கேம்பிரிட்ஜில் உடன் படித்த பி.சி. மகலனோபிஸ் ஒருநாள், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்தித்தான் தூங்குவதாக இராமானுஜன் சொன்னார். படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் நிறையவே இருந்தன. எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பு போட்டிருந்தார்கள். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. அந்த மெல்லிய விரிப்புக்குக் கீழேதான் அத்தனை நாளும் நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் செய்து காட்டியதும் நெகிழ்ந்துபோனார்.

கம்பளி இருந்தது, சொல்லித் தர ஆள் இல்லை. பெட்டி கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்று அறைக்கு ஒரு கணப்புதான். அதைவிட்டு நான்கடி நகர்ந்தால் குளிர். அதனால் கனத்த கோட்டு வீட்டுக்குள்ளும் தேவைப்பட்டது. இன்று ஐரோப்பாவில் வகுப்பு, நூலகம், விடுதி என்று கட்டடம் முழுவதும் ஹீட்டிங். வெளியே 2 டிகிரி, உள்ளே 20 டிகிரி. தி. நகரில் வாங்கிக் கொடுத்தனுப்பும் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டர் இரண்டுக்கும் உதவாது. உள்ளே வேர்க்கும், வெளியே காற்று ஊடுருவும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுவதே வழி: உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். தெர்மல் இடத்தில் பருத்தி பனியன் கூடாது. வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும்.

கப்பலில் இராமானுஜனுக்கு நான்கு வாரம் கிடைத்தது. குளிர் படிப்படியாக வந்தது. இன்று சென்னை வெயிலில் ஏறுகிற பிள்ளை பத்துப் பதினொரு மணி நேரத்தில் லண்டனில் இறங்குகிறது. ஆகவே ஒரு ஜாக்கெட்டும் ஒரு மாற்றுடுப்பும் கைப்பையில் இருக்கட்டும். சூட்கேஸ் வரத் தாமதமானாலும் தவிக்க வேண்டாம்.

பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். அதைக் கம்பளிக்குக் கொடுக்காதீர்கள். கடுங்குளிருக்கான கோட்டும் பூட்ஸும் போன இடத்தில் வாங்குவதே மேல். அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றவை அங்கேதான் கிடைக்கும். விடுதியில் வாரம் ஒருமுறைதான் மெஷினில் துவைப்பார்கள்; உள்ளாடையும் சாக்ஸும் பத்து நாளுக்காவது வேண்டும். நேர்முகத்துக்கு ஒரு நல்ல உடுப்பு. மிச்ச இடம் நம் துணிக்கு. பொங்கலுக்குக் கட்ட வேட்டி, புடவை, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. அங்கே தையல் கூலி கட்டுப்படியாகாது.

இராமானுஜன் விட்டுப்போன வேட்டியை இன்றைய பிள்ளை கூச்சமில்லாமல் எடுத்துப் போகலாம். ஊராருக்காக வேஷம் மாற வேண்டியதில்லை, குளிருக்காக மட்டும் உடுத்தினால் போதும் என்பது இந்த நூறாண்டில் கிடைத்த பெரிய விடுதலை. ஆனால் மகலனோபிஸ்கள் இன்றும் தேவை. அங்கே ஏற்கெனவே ஒரு குளிர்காலம் பார்த்தவர்களே, புதிதாக வரும் தம்பி தங்கைகளை முதல் வாரமே கடைக்கு அழைத்துப் போங்கள்; எதை எதன்மேல் போடுவது என்று கூட நின்று காட்டுங்கள்.