முட்டையிடுமுன் விடைக்கோழிக்கு எத்தீவனம்?

விடைக்கோழி விரைவில் முட்டையிட வேண்டுமென்னும் ஆவலில், அங்கத்தினர் சிலர் 12ஆம் வாரத்திலேயே முட்டைக்கோழித் தீவனம் இடுவதைக் காண்கிறோம். இதனால் முட்டை முந்துவதில்லை, தீங்கே விளையும்.

வளரும் கோழியின் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 100க்கு 1 பங்கு போதுமானது. முட்டைக்கோழித் தீவனத்திலோ அது 3½ முதல் 4 பங்கு வரை உள்ளது. முட்டை ஓட்டுக்குச் செலவாகாத மிகுதியைச் சிறுநீரகமே கழிக்க வேண்டும். அது பழுதுற்றால், பின்னர் முட்டையிடும் பருவத்தில் கோழி மடிவதும் உண்டு.

ஆகவே, 16 வாரம் வரை வளர்ப்புத் தீவனமே இடுக. கொண்டை சிவந்து பெருக்கும்போது கிளிஞ்சல் நொறுங்கைத் தனித் தட்டில் வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்தும். முதல் முட்டை கண்டபின் முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாறலாம். மூட்டை வாங்குமுன் அதன்மேலுள்ள விவரச் சீட்டைப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.