கவராயத்தில் பிறந்த எழுத்து

கவராயம், அளவுகோல் ஆகிய இரண்டே கருவிகளால் வரைந்தாற் போன்ற அச்செழுத்துகள் உண்டு. வட்டம், சதுரம், நேர்க்கோடு ஆகியவையே அவற்றின் உறுப்புகள். 1925-இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைக்கூடத்தில் ஹெர்பர்ட் பேயர் இம்முறையில் ஓர் எழுத்துத் தொகுதி வரைந்தார். 1927-இல் பால் ரென்னரின் 'ஃபியூச்சுரா' வெளிவந்தது. எதிர்காலம் என்னும் கருத்தே அதன் பெயர். 1969-இல் அப்பொல்லோ 11 வீரர்கள் நிலவில் விட்டுவந்த தகட்டின் வாசகமும் அவ்வெழுத்தில் அமைந்ததே. இன்று இத்தகைய எழுத்தைக் காணுங்கால், நம் பாட்டனார் காலத்தவர் கனவு கண்ட எதிர்காலம் கண்முன் நிற்கிறது. பழமையும் புதுமையும் ஒருங்கே தோன்றுவதே இதன் கவர்ச்சி.

நம் சங்கச் சுவரொட்டிகளுக்கும் இவ்வகை எழுத்து வேண்டும் என்பார் பலர். தமிழ் இதற்கு இடங்கொடுக்குமா? ஆரியங்கோட்டுக்காரனாகிய எனக்கு இவ்வினா புதிதன்று. பாறசாலை வழியே களியக்காவிளைக்குச் செல்வோர் மலையாளப் பலகைகளை விட்டுத் தமிழ்ப் பலகைகளுக்குள் நுழைகின்றனர். மலையாளம் வளைவை விரும்பும் எழுத்து. அதன் டகர வரிசையில் இரண்டாம் எழுத்து முழு வட்டமே. கவராயத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்! நம் 'ட'வோ இரண்டு கோடுகள். 'ப' மூன்று கோடுகள். அளவுகோலுக்கென்றே பிறந்தவை போலும்.

ஆயினும் இடர் வேறிடத்தில் உள்ளது. 1975-இல் நாசா நிறுவனம் ஏற்ற சின்னத்தில் ஆங்கில 'ஏ'யின் குறுக்குக்கோடே இல்லை, எவரும் தடுமாறவில்லை. தமிழில் அவ்வாறு எதையும் உதற முடியாது. 'ஏடு' என்பதன் சாய்கோட்டை நீக்கினால் 'எடு' ஆகும். 'மணம்' ஒரு சுழி குறைந்தால் 'மனம்'. 'ர'வின் அடிக்கோட்டை அழகு கருதி வெட்டினால் அது துணைக்காலாகிவிடும், 'கரடு' காடாகிவிடும். ஓலைச்சுவடியில் புள்ளியிடாது எழுதியதால் நேர்ந்த குழப்பத்தை நம் முன்னோர் நன்கறிவர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாக்கிய பெருமையை வீரமாமுனிவர்க்கு உரித்தாக்குவர். அத்தனை பாடுபட்டுப் பெற்ற தெளிவை, புதுமை என்ற பெயரால் ஒரு சுவரொட்டியில் இழப்பானேன்?

1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் இம்முயற்சிக்குத் துணை செய்கிறது. துதிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'னை' முதலியவற்றைச் சதுரத்துள் அடக்குவது பெரும்பாடு. இன்றைய வடிவங்கள் எளியவை.

எங்கள் மாவட்டத்துத் தும்பாவை எடுத்துக்கொள்வோம். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் வானில் எழுந்தது. அதைப் பற்றிய கண்காட்சிக்கு 'தும்பா' என்று மூன்றே எழுத்தைப் பெரிதாக வரைந்தால் இவ்வகை எழுத்து மிகப் பொருந்தும். 'ம'வும் 'ப'வும் கோட்டில் அடங்கும். 'து'வின் வளைவை மட்டும் கண்ணளவால் திருத்த வேண்டும்; ஏனெனில் ஒரே உயரத்தில் வரைந்த வட்டமும் சதுரமும் கண்ணுக்கு ஒத்திரா, வட்டம் சிறுத்தே தோன்றும். ஆகவே வளைவு மேலும் கீழும் மயிரிழை மீறட்டும். புள்ளியை முழு வட்டமாக, தாராளமாக இடுங்கள். ராக்கெட்டுக்கு மேலே நிலவு போலவும் இருக்கும்!

நாள், இடம், பேசுவோர் பெயர் ஆகியவற்றை வழக்கமான எழுத்திலேயே அச்சிடுங்கள். சிறிய அளவில் இக்கோட்டெழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி, வேலிப்படல் போலாகிவிடும்.