அணுவும் நட்சத்திரமும்

வான சாஸ்திரம் பயில விழையும் வாலிபர் சிலர், பௌதிகத்தை வீண் சுமையாகக் கருதுகின்றனர். இது பெரும் பிழையென்பது நமது அபிப்பிராயம்.

சென்னை இராஜதானிக் கலாசாலையில் பௌதிகம் பயின்ற ஸ்ரீ சுப்பிரமணியன் சந்திரசேகர், தந்தையார் விரும்பிய ஐ.சி.எஸ். உத்தியோகத்தை நாடினாரில்லை. தாம் கற்ற அணு சாஸ்திரம் பழமையாகிவிட்டதென்பதை, 1928-இல் சென்னை வந்த ஜெர்மானியப் பேராசிரியர் ஸம்மர்பெல்டு வாயிலாக அறிந்து, புதியதைத் தாமே கற்றார். 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் அக்கல்வியே கைகொடுத்தது. எரிந்தடங்கிய 'வெள்ளைக் குள்ளன்' நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லையுண்டெனக் கணித்தார். அவ்வெல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கென்பர். 1935-இல் எட்டிங்டன் அதைப் பரிகசித்தார். 1983-இல் நோபல் பரிசு வந்தது.

அணுவை அறியாதார் நட்சத்திரத்தை அறியார். பெற்றோர்களே, உத்தியோகத்தைக் காட்டி இக்கல்வியைத் தடுக்காதீர்!